ஒரு ஆளுக்கு அரை பிஸ்கட்

எங்கள் ஊரில் முதலில் எல்லாம் சிவப்பாகத்தான் இருந்தது.

பொட்டலத்தில் விற்கிற எந்தத் தின்பண்டமானாலும் முகப்பில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை அடிக்க வேண்டும் என்று சட்டம் வந்த சமயம் அது. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் அளவுக்குள் இருந்தால் பச்சைப் பட்டை. கொஞ்சம் மீறினால் மஞ்சள். நிறைய மீறினால் சிவப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்றுதான் நிறம் வைத்தார்களாம். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் செல்வாம்பாள் அக்கா கடையில் சரம் சரமாகத் தொங்கிய பொட்டலங்கள் சில நாட்களிலேயே சிவந்துபோயின. தூரத்திலிருந்து பார்த்தால் கடை தீப்பிடித்தது போல இருந்தது.

"இன்னாடி குழலி இது, கறிக்கடைல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு," என்றார் அக்கா என்னிடம். கடைக்கு வந்தவர்கள் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தொங்கவிட்டார்கள். வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் அம்மா தையல்நாயகிக்குப் பல வருடங்களாகச் சுகர். வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. கட்டு மாற்ற ஆள் வேண்டும் என்பதால் நான் பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டிருந்தேன். மில்லில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அம்மாவுக்கு டீயோடு பிஸ்கட் வேண்டும். ரெண்டே ரெண்டு என்றுதான் ஆரம்பிப்பார். பொட்டலம் தீர்ந்துவிடும்.

சுகாதார நிலையத்து நர்ஸ் லினெட் அம்மா அந்தப் பட்டையை விரலால் தடவிக் காட்டினார். "தையல்நாயகி, சிவப்பு இருந்தா கையால தொடாத. பச்சை இருந்தா சாப்டு. அவ்ளோதான். வேற எதையும் நீ மனசுல போட்டுக் கொழப்பிக்க வேணாம்."

அம்மா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். எதிரே ஒரு வண்டி இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவர். அன்றிலிருந்து பிஸ்கட்டைத் தொடவில்லை. சுகர் இறங்கியது. புண்ணின் ஓரம் காய்ந்து தோல் மூட ஆரம்பித்தது. லினெட் அம்மா காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "ஒரு வெரக்கடைப் பட்டை, பாரேன், டாக்டர் பண்ணாததப் பண்ணிடுச்சு," என்றார்.

அதன் பிறகுதான் அந்தச் சட்டத்தில் ஒரு குறை இருப்பது தெரியவந்தது. மக்கள் பட்டையைப் பார்க்கிறார்கள்; பார்த்துவிட்டு வாங்காமல் போய்விடுகிறார்கள்.

ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருந்த கம்பெனிக்காரர்கள் கார்களில் வந்து, எதற்கு எந்த நிறம் என்று தீர்மானிக்கும் பட்டை வாரியத்தின் வாசலில் இறங்கினார்கள். வாரியம் கடற்கரைக்குப் பக்கத்தில், மஞ்சள் சுவரும் உயரமான ஜன்னல்களும் கொண்ட ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டடத்தில் இருந்தது. ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். சில நாள் கழித்து வாசலில் ஓர் அறிவிப்பு தொங்கியது. 'ஆள் தேவை. தகுதி: மனிதராக இருத்தல். பேச வேண்டியதில்லை. சாட்சிக்குக் குடும்பத்தில் ஒருவரை அழைத்து வரவும்.'

என் அப்பா பலராமன் மில் மூடிய பிறகு ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அந்த ஏடிஎம்மையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அறிவிப்பில் கேட்ட தகுதி அவரிடம் இருந்தது. அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதால் சாட்சிக்கு நான் போனேன்.

கூடத்தில் நல்ல கூட்டம். வாரியத் தலைவர் மொசியே நெல்சன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்றார். அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் எடைக்கல் சோதிக்கும் உத்தியோகத்தில் இருந்தவராம். அந்தப் பெருமை அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

"மெதாம், மொசியே, என் அன்பு மக்களே! நம்ம சட்டம் இன்னா சொல்லுது? ஒரு ஆளு ஒரு தடவை சாப்பிடற அளவுல, அதாவது ஒரு போர்சியோன்ல, எவ்ளோ சக்கரைன்னு பாத்துப் பட்டை அடிக்கச் சொல்லுது. நல்ல சட்டம். ஆனா அந்த ஒரு ஆளு யாரு? இதுவரைக்கும் யாராவது அவரப் பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை.

"பாரிசு பக்கத்துல, ஒரு மீட்டர்னா எவ்ளோன்னு சண்டை வரக் கூடாதுன்னு ஒரு கம்பி வார்த்துப் பூட்டி வச்சிருந்தாங்க. அந்தக் கம்பிதான் மீட்டர். ஒலகம் பூரா அதுக்கு அடங்கி நடந்துச்சு. அதே மாதிரி நாமளும் ஒரு ஆளைப் பூட்டி... பர்தோன், ஒரு ஆளை வச்சுக்கப் போறோம். அவர் இன்னா சாப்பிடறாரோ அதுதான் ஊருக்கே போர்சியோன். கம்பெனிக்காரங்க ஜாஸ்தின்னு சொல்ல முடியாது. டாக்டருங்க கம்மின்னு சொல்ல முடியாது. வொலா!"

முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் ஒரு தட்டில் பிஸ்கட்டும் ஒரு டம்ளர் டீயும் வைத்தார்கள். மணி அடித்தால் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும், மறுபடி அடித்தால் நிறுத்த வேண்டும். தேங்காய்த்திட்டிலிருந்து வந்திருந்த அம்மாவாசை என்பவர் கடலுக்குப் போய்த் திரும்பிய கையோடு வந்திருந்தார். தட்டைக் காலி செய்துவிட்டு, "சார், டீ மிச்சம் கெடக்கு. தொட்டுக்க இன்னும் நாலு குடுங்க," என்றார். அவரைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார்கள்.

அப்பா ஒரு பிஸ்கட்டை எடுத்தார். இரண்டாக உடைத்தார். பாதியைத் தின்றார். மறுபாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மில் கேண்டீனில் எது கிடைத்தாலும் பாதி எனக்கு என்று பையில் வரும். வடையின் பாதி, பன்னின் பாதி, கேக்கின் பாதி என்று நான் வளர்ந்ததே பாதிகளில்தான்.

மணி அடித்தது. தொழில்நுட்ப அலுவலர் ஹரிகிருஷ்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பாவின் தட்டைக் குனிந்து பார்த்தார். மெல்லிய குரல் அவருக்கு. "அரை," என்றார்.

"அரையா?" மொசியே நெல்சன் மேடையை விட்டு இறங்கி வந்து அப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அப்பா பயந்துபோய்த் தோள் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சார், மிச்சம் பாதி இங்கதான்..." என்று அப்பா சட்டைப்பையைத் தொட்டார்.

"வேணாம்ணே," என்றார் ஹரிகிருஷ்ணன். "அளக்கற நேரம் முடிஞ்சிடுச்சு. வாய்க்குள்ள போனதுதான் கணக்கு."

வெளியே வந்து கடலைப் பார்த்தபடி அப்பா அந்தப் பாதியை என்னிடம் கொடுத்தார். "தின்னு பாப்பா. பாத்தியா, சாப்பிடறதுக்கு ஒரு வேலை! ஒலகத்துல எவனுக்கு அமையும்?"

கொஞ்ச நாளில் செல்வாம்பாள் அக்கா கடை வயல் போலப் பசேலென்று ஆனது. பிஸ்கட் அதே பிஸ்கட். சர்க்கரையும் அதே சர்க்கரை. பொட்டலத்தின் பின்பக்கம், மடிப்புக்குக் கீழே, எறும்பு போன்ற எழுத்தில் மட்டும் ஒரு வரி புதிதாக இருந்தது. 'ஒரு பரிமாறல்: அரை பிஸ்கட்.' அரை பிஸ்கட்டில் சர்க்கரை அளவுக்குள்தான் இருந்தது.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "குழலி! பச்சையாயிடுச்சுடி!" என்றார். டீ ஆறுவதற்குள் பொட்டலம் காலி. நான் அந்த எறும்பு வரியைப் படித்துக் காட்டினேன்.

"அது கம்பெனிக்காரன் அவனுக்காக எழுதி வச்சிருக்கறது," என்றார் அம்மா. "நமக்கு நெறத்தப் பாக்கச் சொல்லித்தான் சர்க்காரு சொல்லியிருக்குது."

அப்பாவுக்கு வாரியத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. கம்பி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் பாரிசில் அதை ஒரே வெப்பத்தில் வைத்திருந்தார்களாம். அப்பாவையும் அப்படியே வைத்தார்கள். ஏசியின் எண்ணை யாரும் மாற்றக் கூடாது. வேலை நேரத்தில் கடற்கரைப் பக்கம் போகக் கூடாது, காற்று பசியைக் கிளப்பும். காலையில் ஒரு பணியாள் வந்து மெத்தென்ற துணியால் அப்பாவின் தோளையும் முதுகையும் துடைத்துவிட்டுப் போவார். தூசி எடையைக் கூட்டுமாம்.

திங்கட்கிழமைதோறும் அளவெடுப்பு. ஒரு புதுப் பண்டம் வரும். மணி அடிக்கும். அப்பா கொஞ்சம் தின்பார். மணி அடிக்கும். ஹரிகிருஷ்ணன் மிச்சத்தை நிறுப்பார். அப்பா வெளியில் எதுவும் தின்னவில்லை என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. மற்ற நேரமெல்லாம் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். கேட்டால்கூட எனக்குப் பேச்சு எளிதில் வராது. ஹரிகிருஷ்ணனுக்கு அது பிடித்திருந்தது. "பேசாத சாட்சி கெடைக்கறது ரொம்ப அபூர்வம்," என்று தலைவரிடம் சொன்னார்.

காரைக்காலுக்கும் மாகேவுக்கும் ஏனாமுக்கும் ஊருக்கொரு நகல் அனுப்ப வேண்டும் என்று மொசியே நெல்சன் உத்தரவிட்டார். அப்பாவின் எடையும் உயரமும் உள்ள மூன்று பேரைத் தேடிப் பிடித்து, அப்பாவின் எதிரே உட்காரவைத்து, அவர் மெல்லும்போது மெல்லப் பழக்கினார்கள். மாகேவுக்குப் போன நகல் ஒரே மாதத்தில் மீன்குழம்புக்கு அடிமையாகி இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டதாகத் தகவல் வந்தது. திருப்பி வரவழைத்தார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அவருடைய செருப்பு மட்டும் வாரியத்தின் பின்வாசலில் பல நாள் கிடந்தது.

ஜூஸ் கம்பெனியின் முறை வந்தபோதுதான் சிக்கல். அப்பா அரை டம்ளர் குடித்தும் சிவப்பு. அடுத்த திங்கட்கிழமை அளவெடுப்புக்கு முன்னால் ஹரிகிருஷ்ணன் ஒரு பெரிய கிண்ணம் தயிர்சாதத்தோடு வந்தார். "ஒரு சின்ன ஏற்பாடு. இத மொதல்ல சாப்ட்டுடுங்கண்ணே." வயிறு நிறைந்த அப்பாவால் ஜூஸில் மூன்று வாய்தான் குடிக்க முடிந்தது. மஞ்சள். ஜாம் கம்பெனிக்கு மஞ்சள் போதவில்லை. சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி நோட்டீசுகளைக் கொண்டுவந்து அளவெடுப்புக்கு முன் அப்பாவிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்கள். இரண்டு பேர் அப்பாவோடு மில்லில் வேலை செய்தவர்கள். அப்பா விரலால் தொட்டு நக்கியதோடு சரி. பச்சை.

"மனசு பாரமா இருந்தா மனுசன் அளவா சாப்பிடறான்," என்றார் மொசியே நெல்சன். "சந்தோசம்தான் வியாதிக்கெல்லாம் காரணம். இத நாம எப்பவோ கண்டுபிடிச்சிருக்கணும்."

அம்மாவின் புண் மறுபடி வாய் திறந்தது.

பொட்டலத்தை ஒளித்து வைத்துப் பார்த்தேன். அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அனுப்பி வாங்கிக்கொண்டார். புண் கறுத்தது. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். சுகர் இறங்காவிட்டால் காலே போய்விடும் என்றார் டாக்டர்.

அந்த வாரம் அளவெடுப்புக்கு நொறுக்கு முறுக்கு வந்திருந்தது. ஹரிகிருஷ்ணன் அப்பாவின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "வீட்ல அண்ணி கால் எப்பிடிண்ணே இருக்கு?"

அப்பாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. மணி அடித்தது. ஒரு துணுக்குதான் உள்ளே போயிருந்தது. முறுக்கு பச்சை.

அதன் பிறகு தயிர்சாதம் வரவில்லை. நோட்டீசும் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஹரிகிருஷ்ணன் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டார். நல்ல மனிதர்தான், உண்மையான அக்கறையோடு கேட்பார். அம்மாவின் கால் மோசமானால் அப்பா குறைவாகத் தின்றார். அப்பா குறைவாகத் தின்றால் ஊரில் பச்சை கூடியது. பச்சை கூடினால் அம்மா கூடுதலாகத் தின்றார். அம்மா தின்றால் கால் மோசமானது. ஹரிகிருஷ்ணன் இதை ஒரு காகிதத்தில் வட்டமாக வரைந்து தலைவரிடம் காட்டினார். "வெளியிலேர்ந்து நாம ஒண்ணுமே போடத் தேவையில்ல சார். தானா ஓடும்."

ஒருநாள் லினெட் அம்மா மூச்சிரைக்க வாரியத்துக்கு வந்தார். நான் மூலையில்தான் இருந்தேன்.

"ஐயா, பச்சை வந்ததுலேர்ந்து என்கிட்ட வர்றவங்க எல்லாருக்கும் சுகர் ஏறுது. பச்சைன்னா சாப்டுன்னு நான்தான் வீடு வீடாச் சொன்னேன். நான் சொன்னதுக்காகத்தான் தின்றாங்க."

"மெதாம், உக்காருங்க. அவங்க எவ்ளோ சாப்பிடறாங்க?"

"ஒரு பொட்டலம்."

"ஒரு பொட்டலத்துல பதினாறு பிஸ்கட். ஆளுக்கு அரைன்னா முப்பத்திரண்டு பேரு. நீங்க ஏறுனதா சொல்ற சுகரை முப்பத்திரண்டால வகுத்தீங்களா?"

லினெட் அம்மா தன்னையறியாமல் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

"வகுத்துப் பாருங்க. ஒருத்தருக்கும் வியாதியே இருக்காது."

"ஆஸ்பத்திரில படுக்கை இல்லாம தரைல படுத்திருக்காங்கய்யா."

"அருமையான சேதி! மக்களுக்கு ஒடம்பு மேல அக்கறை வந்துடுச்சு. அதனாலதான் ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. இத நம்ம ஆண்டறிக்கைல சேக்கணும். மேர்சி, மெதாம்."

அடுத்த வாரம் லினெட் அம்மாவைத் தொலைவில் இருக்கும் கனகசெட்டிக்குளத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்பா அன்று சாயங்காலம் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தார். "தையலு, அந்தப் பச்சைய நம்பாத. அது நான்தான்."

"எது நீ?"

"அந்தப் பட்டை. நான் அரை பிஸ்கட் தின்னதாலதான் பச்சையாச்சு. மீதிய குழலிக்கு எடுத்து வச்சேன். அது எவனுக்கும் தெரியாது."

அம்மா சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தார். "யோவ், மில்லு தெறந்துடும் தெறந்துடும்னு மூணு வருசம் சொன்ன ஆளு நீ. உன்ன நம்பிட்டு, அச்சடிச்சு வந்ததை நம்பாம இருக்கணுமா?"

"சத்தியமாச் சொல்றன்டி."

"அப்ப செவப்பு போட்டிருந்தாங்களே, அதுவும் பொய்யா? அத நம்பித்தான வாயக் கட்டுனேன். அத நம்பித்தான புண்ணு காஞ்சிது. அன்னிக்கி வந்து நம்பாதன்னு சொன்னியா நீ?"

அப்பா கட்டிலை விட்டு எழுந்தார். அம்மா சொன்னது நிஜம்தான். அம்மாவின் காலை ஒருமுறை ஆற்றியது அந்தப் பட்டைதான்.

மறுநாள் அப்பா தலைவர் முன்னால் போய் நின்றார். "ஐயா, நான் நின்னுக்கறன்."

"நின்னுக்கறதுன்னா?"

"வேலைய உட்டுடறன்."

மொசியே நெல்சனுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வருத்தப்பட்டார். "பலராமன், கம்பி ராஜினாமா பண்ணி எங்கியாவது கேட்டிருக்கீங்களா?"

மக்கள் நல்வாழ்வு நாளை வாரியம் கூடத்திலேயே கொண்டாடியது. சுவரில் பச்சைக் கோடு ஒன்று ஏறிக்கொண்டே போய் விட்டத்தைத் தொட்டது. கம்பெனிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், காரைக்கால் நகல், ஏனாம் நகல் எல்லாரும் வந்திருந்தார்கள். முதன்முதலில் பச்சையான பிஸ்கட்டையே மரியாதைக்காக மறுபடி அளக்க ஏற்பாடு. அன்று காலையில்தான் டாக்டர் அம்மாவின் பாதத்தை அழுத்திப் பார்த்து, காலை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மணி அடித்தது. ஹரிகிருஷ்ணன் குனிந்து கேட்டார். "வீட்ல அண்ணி கால் எப்பிடிண்ணே இருக்கு?"

"இருக்குது சார்," என்றார் அப்பா. "அதுக்காகத்தான்." ஒரு பிஸ்கட்டை முழுசாக வாயில் போட்டார்.

அப்பா இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். மாதக்கணக்கில் துணுக்குக்கும் விரலால் தொட்டு நக்குவதற்கும் பழகிய தொண்டைக்குள் அது இறங்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார். எதிரே இருந்த நகல்கள் இருவரும் தங்களை அறியாமல் மென்றுகொண்டிருந்தார்கள். மறுமணியை அடிக்க வேண்டிய பணியாள் தலைவரின் முகத்தைப் பார்த்தார். தலைவர் அசையவில்லை. அப்பா பொட்டலத்தைக் கவிழ்த்துத் தூளையும் உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"இதான் ஐயா ஒரு ஆளு சாப்பிடறது. என் பொண்டாட்டி இப்பிடித்தான் சாப்பிடறா. இப்பப் பாத்து அடிங்க பட்டைய."

ஒரு கம்பெனிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மொசியே நெல்சன் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு ஒலிபெருக்கிக்கு வந்தார்.

"பயப்படாதீங்க. ஒரு மீட்டர்க் கம்பி திடீர்னு நீண்டுடுச்சுன்னு வச்சுக்கங்க. மீட்டர் பெருசாயிடுச்சுன்னா சொல்வோம்? கம்பி கெட்டுப்போச்சுன்னுதான் சொல்வோம்."

முதலில் கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள். பிறகு எல்லாரும்.

ஹரிகிருஷ்ணன் எழுதிக்கொண்டதை அன்று வாசித்தும் காட்டினார்கள். அளவெடுப்பில் முப்பத்திரண்டு பேர் கலந்துகொண்டு அளவாகச் சாப்பிட்டார்கள். அவர்களில் முப்பத்தொரு பேர் அனுமதியின்றி உள்ளே வந்தவர்கள்.

பழைய கம்பியை வாரியம் தூக்கி எறிவதில்லை. மேட்டுப்பாளையத்தில் அவர்களுக்கு ஒரு கிடங்கு இருந்தது. பிடிபட்ட கள்ள எடைக்கற்கள், அடி தட்டிய படிகள், முள் வளைந்த தராசுகள் எல்லாம் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. அப்பாவையும் வேறொரு நாற்காலியோடு அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அதைக் கேட்பதற்கே எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

"ஒண்ணும் செய்யக் கூடாதும்மா," என்றார் ஹரிகிருஷ்ணன். "ஒப்பிட்டுப் பாக்கத் தேவைப்பட்டா சொல்லி அனுப்புவோம்."

சாப்பாடு கொண்டுபோனால் கிடங்கின் காவலாளி ராமலிங்கம் தூக்குச்சட்டியை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். திரும்பும்போதும் நிறுப்பார். அப்பா ஒவ்வொரு நாளும் பாதியை மிச்சம் வைத்துக் கொடுத்தனுப்பினார். "உங்கப்பா திருந்திட்டாரு," என்று ராமலிங்கம் சந்தோஷப்பட்டார்.

மழைக்காலத்தில் அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்பாவை அனுப்பச் சொல்லி வாரியத்துக்குப் போனேன். தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கம்பி போனா அதே உலோகத்துல இன்னொரு கம்பி வார்க்கணும். அதான் மொறை," என்றார் ஹரிகிருஷ்ணனிடம். "பேசாது. வாயும் சின்னது." பிறகு என்னிடம் திரும்பினார். "நீ வந்து உக்காந்தன்னா அப்பாவ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம்மா."

சரி என்று தலையை ஆட்டினேன். எனக்கும் ஒரு யோசனை இருந்தது. பொட்டலம் முழுதும் தின்றால் கம்பி கெட்டுவிட்டது என்பார்கள். ஒரு ஆள் டீயோடு சாதாரணமாகத் தின்கிற மாதிரி இரண்டே இரண்டு பிஸ்கட் தின்றால் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு பிஸ்கட்டுக்குப் பச்சை நிற்காது. மஞ்சளாவது வரும். மஞ்சளைப் பார்த்தால் அம்மா பாதியாவது குறைப்பார். இருக்கிற கால் தப்பிக்கும்.

திங்கட்கிழமை என்னை அப்பாவின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதில் அப்பாவின் முதுகு பட்ட இடம் பள்ளமாக இருந்தது. பணியாள் வந்து துணியால் என் தோளைத் துடைத்தார். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. எதிரே தட்டில் அதே பிஸ்கட். மொசியே நெல்சன் தொலைவில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. முதல் பிஸ்கட்டை எடுத்தேன். உடைக்கவில்லை. முழுசாக வாய்க்குக் கொண்டுபோனேன்.

ஹரிகிருஷ்ணன் பக்கத்தில் வந்து குனிந்தார். அவருடைய குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

"வீட்ல அம்மாவோட இன்னொரு கால் எப்பிடிம்மா இருக்கு?"

அன்று காலையில்தான் கட்டு மாற்றும்போது இடது குதிகாலில் ஒரு கொப்புளத்தைப் பார்த்திருந்தேன். அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. என் கை உதட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. அதை அசைக்க எவ்வளவோ முயன்றேன்.

மணி அடித்தது.

ஹரிகிருஷ்ணன் தட்டையும் என் கையில் இருந்ததையும் சேர்த்து நிறுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தார்.

"சார்," என்றார். "ஒண்ணுமே இல்ல சார்."

மொசியே நெல்சன் ஓடி வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

அடுத்த வாரம் வந்த பொட்டலங்களில் எறும்பு எழுத்து இல்லை. மறைப்பதற்கு எதுவும் இல்லாததால் எல்லாவற்றையும் பெரிதாகவே அச்சடித்துவிட்டார்கள். பச்சை முகப்பு முழுவதும் பரவியிருந்தது. அம்மா கட்டிலில் சாய்ந்தபடி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஒரு பரிமாறல்ல... கொழுப்பு, இல்லை. உப்பு, இல்லை. சர்க்கரை, இல்லை." அவர் முகம் மலர்ந்தது. "இல்லியாம்டி! சுத்தமா எடுத்துட்டானுங்க. இத முன்னாடியே செஞ்சிருந்தா என் காலு போயிருக்குமா?"

பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பிஸ்கட்டை எடுத்து, அப்பாவைப் போலவே இரண்டாக உடைத்து, பாதியை என்னிடம் நீட்டினார்.

"பச்சைதான்டி குழலி. பயப்படாம தின்னு."